புதுமனைப் புகைவிழா

நம்பமாட்டீர்கள் என்று பீடிகை போடும் வழக்கம் எங்கள் செங்கழுநீர்ச் சந்தில் கிடையாது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு ஒன்பதாயிரம் வாடகை, பத்து மாத அட்வான்ஸ், கக்கூஸ் பொது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, விருந்தாளி வந்து தங்கினால் தண்ணீருக்குத் தனிக் காசு என்று வீட்டுக்காரர் சொன்னதையெல்லாம் நம்பித் தலையாட்டிப் பால் காய்ச்சிக் குடிவந்தவர்கள் நாங்கள். அதை நம்பின பிறகு உலகத்தில் நம்ப முடியாதது என்று எங்களுக்கு எதுவும் மிச்சமிருக்கவில்லை. ஆகவே, தேசிங்கு விட்ட பீடிப்புகை காற்றோடு போகாமல் மொட்டை மாடியிலேயே நின்று கூரையாக இறுகியபோது, பழைய வண்ணாரப்பேட்டையின் இந்த மூலையில் ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை. எத்தனை சதுர அடி வரும் என்று மட்டும்தான் கேட்டோம்.

தேசிங்கு குட்டியானை ஓட்டுகிறவன். அந்தச் சின்ன லாரிக்கு ஊரே வைத்த பேர் அது. வீடு மாற்றுகிறவர்களின் கட்டிலையும் பீரோவையும் துளசிமாடத்தையும் ஏற்றி இறக்குவது அவன் பிழைப்பு. புரசைவாக்கத்தில் கட்டுப்படியாகாதவர்களை மாதவரத்தில் இறக்கினான், மாதவரத்தில் கட்டுப்படியாகாதவர்களைச் செங்குன்றத்தில் இறக்கினான், செங்குன்றத்திலும் விலை ஏறியதும் அதற்கும் அப்பால் பஸ் திரும்புகிற இடத்தையும் தாண்டிக் கொண்டுபோய் இறக்கினான். இப்படியே போனால் இன்னும் பத்து வருஷத்தில் மொத்தச் சென்னையையும் ஆந்திராவில் இறக்கிவிட்டுத் தான் மட்டும் காலி வண்டியோடு திரும்பி வரப்போவதாகச் சொல்லிச் சிரிப்பான். சிரித்து முடித்ததும் ஒரு பீடி பற்றவைப்பான். வீட்டுக்குள் பீடி கூடாது என்பது அவன் மனைவி புனிதவதியின் சட்டம், அதனால் அவனுடைய புகையெல்லாம் மாடியில்தான்.

பங்குனி மாதத்தில் அவர்கள் மகள் செண்பகம் வயதுக்கு வந்தாள். தாய்மாமன் பச்சைத் தென்னை ஓலையில் குச்சு கட்ட, பெண் அந்தச் சின்னக் குடிசைக்குள் சில நாள் தனியாக இருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். புனிதவதியின் தம்பி ஏகாம்பரமும் மீஞ்சூரிலிருந்து ஓலையை ஆட்டோ மேலே கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான், வந்து நின்று அறையைப் பார்த்தான். பீரோ, அடுப்பு, சுருட்டின படுக்கை, தையல் மெஷின், அதற்கு நடுவே தரை என்று இருந்தது ஓர் ஆள் உட்காருகிற அளவுதான். வெளி நடை நாலு குடித்தனத்துக்கும் பொது. மாடியில் கட்டலாமென்றால் சுற்றிலும் நாலு மாடிக் கட்டடங்களின் ஜன்னல்கள், பெண்ணைக் காட்சிக்கு வைத்த மாதிரி ஆகிவிடும். கடைசியில் ஏகாம்பரம் ஓலையை மாடிப்படிச் சுவரில் சாத்திவைத்துவிட்டு, அப்புறம் ஒரு நாள் கட்டிக்கொள்ளலாம் என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிவிட்டு, ஒரு வாய் காப்பி மட்டும் குடித்துவிட்டுப் போனான். அறைக்குக் குறுக்கே ஒரு நைலக்ஸ் புடவையைக் கட்டி அதற்குப் பின்னால் செண்பகத்தை உட்காரவைத்தார்கள். மகளுக்குத் தனி இடம் தர வக்கில்லாத தேசிங்கு, அந்த வெட்கத்தைக் கொண்டுபோய் எங்கே இறக்குவது என்று தெரியாமல் மாடிக்கு ஏறி, கட்டுக் கட்டாகப் பீடி குடித்தான்.

ஒன்பதாம் நாள் காலையில் துணி உலர்த்தப் போன புனிதவதியின் தலையில் கூரை இடித்தது. ஆளுயரத்துக்கு ஒரு பிடி குறைவாக, எதன் மேலும் நிற்காமல், சாம்பல் நிறத்தில் ஒரு பலகை காற்றில் இருந்தது. தட்டிப் பார்த்தால் பூசணிக்காய்ச் சத்தம் கேட்டது, தொட்டால் லேசான சூடு. புகை மேலே போகிற ஜாதியாதலால் கூரை முதலில் வந்துவிட்டது, சுவர் பிற்பாடு கூரையிலிருந்து கீழ்நோக்கி இறங்கும் என்பதெல்லாம் எங்களுக்குப் போகப்போகத்தான் புரிந்தது. அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வெயில் படாமல் நிழலில் காயவேண்டிய சாயத் துணிகளை மட்டும் எடுத்து அதன் அடியில் போட்டாள்.

ஏன், எப்படி என்று கேட்டவர்கள் இரண்டு நாள் கேட்டார்கள். மூன்றாம் நாள் எல்லோரும் அவரவர் மாடியில் முயன்று பார்க்க ஆரம்பித்தார்கள், ஒரு வாரத்தில் விதிகள் தெளிவாகிவிட்டன. சாம்பிராணிப் புகை நிற்காது, அடுப்புப் புகை நிற்காது, டயர் கொளுத்தினாலும் நிற்காது. மனுஷன் நெஞ்சுக்குள் போய், கொஞ்சம் தங்கி, அங்கிருந்து எதையோ எடுத்துக்கொண்டு வருகிற புகைதான் சுவராகும். ஒரு சாண் சுவருக்கு அறுபது இழுப்பு. அன்றிலிருந்து எங்கள் சந்தில் இழுப்பு என்பது அளவுக்கான வார்த்தை ஆகிவிட்டது. உன் பையன் ரூமுக்கு எத்தனை இழுப்பு ஆச்சு என்று சாதாரணமாகக் கேட்டுக்கொண்டோம். அதே வார்த்தைக்கு மூச்சு முட்டுகிற வியாதி என்றும் ஓர் அர்த்தம் உண்டு என்பது தமிழ் தெரிந்த எல்லோருக்கும் தெரியும், ஆனால் சொந்தமாக ஒரு கூரை கிடைக்கிறபோது அகராதியைப் புரட்டுகிறவன் யார்.

பீடி குடித்தால் மூஞ்சியைத் திருப்பிக்கொண்ட பெண்கள் இப்போது சோற்றுக்கு முன்னால் தீப்பெட்டியை எடுத்து வைத்தார்கள். பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடைக்காரர் எங்கள் சந்துக்கென்று தனி அடுக்கு போட்டார். கல்யாணத் தரகர் மங்கபதி நாயுடு ஜாதகத்தோடு எக்ஸ்ரே படத்தையும் பையில் வைத்துக்கொண்டு அலைந்தார். இதுவரை ஒரு பீடிகூடத் தொடாத பையன்களுக்குத்தான் கிராக்கி. மாப்பிள்ளைக்கு நெஞ்சு படு சுத்தம், சமையலறை நீங்கலாக மூன்று ரூம் தாராளமாக வரும் என்று அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்ட, பெண் வீட்டார் கண்ணைச் சுருக்கிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்கள். செண்பகத்தின் மாமன் ஏகாம்பரத்துக்கும் அப்படித்தான் ஒரு இடம் கூடிவந்தது. நானும் சும்மா இருக்கவில்லை, என் பங்குக்கு ஒரு ஜன்னல் அகலத்துக்குச் சுவர் விட்டேன். அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்தால் சுகமாகத்தான் இருந்தது.

இத்தனை அறைகள் முளைத்தால் வாடகை இறங்கும் என்று நினைத்தோம், ஏறியது. மாடி என்னுடையது, மாடிக்கு மேலே இருக்கும் காற்றும் என்னுடையது என்று எங்கள் வீட்டுக்காரர் ருக்மாங்கதன் எல்லோரிடமும் தன்மையாக எடுத்துச் சொன்னார். நாலு சுவரும் கூரையும் முடிந்தால் அது ஒரு போர்ஷன், போர்ஷனுக்கு ஆறாயிரம், அட்வான்ஸ் தனி. நாலு சுவர் முடியாதவரை அது வெறும் மொட்டை மாடி, அதற்கு அவர் பைசா கேட்கவில்லை. நியாயமான மனுஷர் என்று சிலர் சொல்லவும் செய்தார்கள்.

எங்களில் முதலில் நாலு சுவரும் முடித்தவர் மூலைக்குடித்தனம் வேதாசலம். பால் பொங்கியது, வடை பாயசத்தோடு சாப்பாடு நடந்தது, சாயங்காலம் புது அறைக்குள் கொஞ்சம் படுக்கிறேன் என்று போனவர் எழுந்திருக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதுகூட ஆகவில்லை. அழுகைக்கு நடுவே யாரோ ஒருவர், சொந்தக் கூரைக்குக் கீழே போய்ச்சேர்ந்தான், கொடுத்து வைத்தவன் என்று சொன்னார், நாங்கள் எல்லோரும் ஆமாம் என்றோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு அது ஆறுதலாகத்தான் பட்டது.

தேசிங்கு ஆடி முடிவதற்குள் மூன்று சுவர் இறக்கிவிட்டான். தெற்குப் பக்கம் மட்டும் பாக்கி. அதற்குள் அவன் மேல்சட்டை இரண்டு அளவு பெரிதாகிவிட்டது, முன்பு தனியாக ஃபிரிட்ஜைத் தோளில் ஏற்றுகிறவன் இப்போது மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு ஒரு மாடி ஏறுவதற்குள் படியில் இரண்டு தடவை உட்கார்ந்தான். பேசும்போது மூச்சுக்கு நடுவே விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. செண்பகம்தான் அவனைப் பிடிவாதமாகப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் குழாயை வைத்துக் கேட்டார், படம் எடுக்கச் சொன்னார், படத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் பெரியவங்க யாராவது இருந்தா வரச்சொல்லும்மா என்றார். நைனாவ விடப் பெரியவங்க யாருமில்ல சார் என்று செண்பகம் பதில் சொல்லியிருக்கிறாள்.

அந்தப் படத்தைப் புனிதவதி மாடிக்கு எடுத்துப்போய் வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். காற்றோடுகிற இடம் படத்தில் கறுப்பாகத் தெரியும், அடைத்துப்போன இடம் வெள்ளையாகத் தெரியும் என்று டாக்டர் மகளுக்குச் சொல்லியனுப்பியிருந்தார். தேசிங்கின் நெஞ்சில் மேலே ஒரு வெள்ளைப் பட்டை, கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று, வடக்கே ஒன்று. தெற்குப் பக்கம் மட்டும் ஒரு கை அகலத்துக்குக் கறுப்பு. அவள் படத்தைப் பார்த்தாள், படத்துக்குப் பின்னால் நின்ற அறையைப் பார்த்தாள். ஒன்றின் மேல் ஒன்று அச்சாகப் பொருந்தியது. கட்டப்போகிற நாலாவது சுவருக்கு எங்கிருந்து சாமான் வரவேண்டும் என்பது அவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது.

அன்றைக்கு அவர்கள் இரண்டு பேரும் பேசினது தடுப்புச்சுவர் வழியாக எனக்குக் கேட்டது, எங்கள் சந்தில் எல்லோருக்கும் எல்லாமே கேட்கும்.

"ந்தா, போதும். மூணு செவுரு போதும்."

"மூணு செவுரு வெச்சா அது வூடா? பொண்ணு துணி மாத்தணும், படிக்கணும். ஒரே ஒரு செவுருடி. ஆவணில முடிச்சிட்டு வுட்டுர்றேன்."

"முடிச்சிட்டு நீ இருக்கமாட்டய்யா."

 விசில் சத்தம் மட்டும் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, இவ்ளோ நாளா ஊரான் வூட்டத்தான் சொமந்தேன் புனிதா, என் பொண்ணுக்குன்னு ஒண்ணு இறக்கி வெச்சிட்டா போதும் என்றான். அவள் அழுதாள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் திடீரென்று ஆரம்பித்தது. அவள் அழுவது மகளுக்குக் கேட்கக் கூடாது என்றால் மெஷினை ஓட்டுவாள்.

இதற்கு நடுவில் அரசாங்கத்திலிருந்து இரண்டு பேர் தனித்தனியாக வந்தார்கள். புகையிலையால் தேசத்துக்கு வருஷத்துக்கு எவ்வளவு நஷ்டம் என்று கணக்கெடுக்க ஓர் அம்மா வந்தார்; நகரத்தில் வீட்டுப் பரப்பு எவ்வளவு பெருகியிருக்கிறது என்று கணக்கெடுக்க ஓர் இளைஞர் வந்தார். இரண்டு பேரும் மரியாதையானவர்கள், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மாடி ஏறினார்கள். தேசிங்கின் அறையை அந்த அம்மா அளந்து நஷ்டத்தில் எழுதிக்கொண்டார், அந்த இளைஞர் அளந்து வளர்ச்சியில் எழுதிக்கொண்டார், இரண்டு பேருக்கும் அளவு ஒன்றாகவே வந்தது. புனிதவதி இரண்டு பேருக்கும் டீ கொடுத்தாள். பிறகு அந்த அம்மாவிடம், தேசத்துக்கு ஆகிற நஷ்டத்தில் என் புருஷன் எந்தப் பக்கத்துல வராரு, கொஞ்சம் காட்டுறீங்களா என்று கேட்டாள். அவர் தாள்களை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார், அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, ஒருத்தர் ஒருத்தரா இதுல இல்லீங்கம்மா, எல்லாம் சேர்த்துதான் இருக்கு என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

ஆவணி பத்தாம் தேதி என்று நாள் குறித்து, தேசிங்கு பிடிவாதமாகப் பத்திரிகையும் அடித்துவிட்டான். நாள் அச்சாகிவிட்டால் சுவர் தானாக முடிந்துதானே ஆகவேண்டும் என்பது அவன் எண்ணம். அச்சகத்துக்குப் போய் எழுதிக் கொடுக்கத் தெம்பில்லாமல் போனில்தான் சொன்னான், இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கிச் சொன்னான், எதிர்முனையில் இருந்தவர் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார். மஞ்சள் தடவின பத்திரிகைகளில் இரண்டை அக்கம்பக்கத்தில் கொடுத்த பிறகுதான் செண்பகம் கவனித்தாள்.

"ம்மா, புகுவிழான்னு இருக்கணும். புகைவிழான்னு போட்டுக்கீறாங்க."

புதுமனைப் புகைவிழா என்று கொட்டை எழுத்தில், மேலே பிள்ளையார் படத்தோடு இருந்தது. திரும்ப அடிக்கச் சொல்லலாமா என்று மகள் கேட்டபோது புனிதவதி அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே கொடுத்துவிடலாம் என்று கடைசியில் சொன்னாள்.

எங்களுக்கு அது பிழையாகவே படவில்லை. புகைவிழா என்றால் புகை விடுகிற விழா; தேசிங்குக்குத் தெம்பில்லை, அதனால் மிச்சமுள்ள ஒரு சுவரை நாலு பேர் சேர்ந்து விட்டுத் தரச் சொல்லிக் கேட்கிறான், மொய் எழுதுகிற மாதிரி ஆளுக்குக் கொஞ்சம் இழுப்பு வைக்க வேண்டியதுதான் என்று நாங்களாகவே புரிந்துகொண்டோம். இதைச் சொல்லும்போது நீங்கள் சிரிக்கலாம், ஆனால் அன்றைக்கு எங்கள் மனசில் இருந்தது முழுக்க அன்புதான். ஆவணி பத்தாம் தேதி காலையில் எழுபது பேர் தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பழம், பழத்துக்கு நடுவே ஒரு கட்டுப் பீடி என்று வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினோம். மாப்பிள்ளை முறுக்கோடு ஏகாம்பரமும் வந்திருந்தான், வாழ்க்கையில் முதல் பீடியைத் தலைகீழாக வாயில் வைத்துக்கொண்டு. அளவு நாடாவோடு வீட்டுக்காரர் ருக்மாங்கதனும் வந்து ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தெற்குப் பக்கத்துக்கு எதிரே வரிசையாக ஜமுக்காளத்தில் உட்கார்ந்தோம். முறைப்படி வீட்டுத் தலைவன்தான் முதல் இழுப்பு இழுக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள், தேசிங்கு புது வேட்டியில் எழுந்து வந்தான், தீக்குச்சியை உரசுகிற தெம்புகூட இல்லாமல் மூன்று குச்சியை வீணாக்கினான்.

நாலாவது குச்சி பற்றியபோது புனிதவதி வந்து திறந்த பக்கத்தை மறித்து நின்றாள். கையில் பால் சொம்போ விளக்கோ இல்லை, அந்த எக்ஸ்ரே படம்தான் இருந்தது. அதை எங்கள் எல்லோருக்கும் தெரியும்படி வெயிலில் தூக்கிப் பிடித்தாள். எழுபது பேரும் பார்த்தோம், பார்த்துவிட்டு ஒவ்வொருவரும் கை தானாகப் போய் அவரவர் நெஞ்சைத் தடவிக்கொண்டோம்.

"உங்க நெஞ்சுலருந்து ஒரு செங்கல்லுகூட எனக்கு வேணாம். இவரு நெஞ்சுலருந்தும் வேணாம்," என்றாள். "இந்தப் பக்கம் தொறந்தே கெடக்கட்டும். இவரு மூச்சு வுடுறது இந்த வழியாத்தான்."

தேசிங்கு குச்சியைப் பிடித்தபடி நின்றான். அது விரல்வரை எரிந்து அணைந்தது. பொண்ணுக்கு மறைவு வேணுமேடி என்று மட்டும் சொன்னான்.

புனிதவதி தம்பியின் பக்கம் திரும்பி, அப்புறம் ஒரு நாள் கட்டிக்கலாம்னு சொன்னியே, இன்னைக்குக் கட்டு என்றாள். ஏகாம்பரத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பீடியைத் துப்பிவிட்டுப் படியிறங்கி ஓடினான். ஐந்து மாதமாக மாடிப்படிச் சுவரில் சாத்தியபடியே கிடந்த தென்னை ஓலைகள் காய்ந்து சருகாகியிருந்தன. அவற்றைத் தூக்கிவந்து, கூரையிலிருந்து தரைவரை தெற்குப் பக்கம் முழுக்கக் கயிற்றால் வரிந்து கட்டினான். குச்சு கட்டுகிற தாய்மாமனுக்குச் செய்யவேண்டிய மரியாதை என்று செண்பகம் அவசரமாக அவன் நெற்றியில் குங்குமம் வைத்தாள். வழக்கப்படி கட்ட வேண்டிய குச்சு, கொஞ்சம் தாமதமாக, ஒரு பக்கம் மட்டும் கட்டப்பட்டது.

கட்டி முடிந்ததும் புனிதவதி எங்களைப் பார்த்து, காஞ்ச ஓலை, ஒரு பொறி பட்டாலும் போச்சு, இனிமே இந்த மாடியில யாரும் நெருப்புக்குச்சி உரசக் கூடாது என்றாள். சொல்லிவிட்டுப் புருஷனுடைய சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். எழுபது கட்டுப் பீடியும் தட்டிலேயே வாடின. ருக்மாங்கதன் எழுந்து மூன்று சுவரையும் நாடா வைத்து அளந்தார், ஓலைக்கு எதிரே வந்து கொஞ்ச நேரம் நின்றார், ஒரு விரலால் விலக்கிப் பார்த்தார். ஓலையைச் சுவர் என்று எழுத அவராலும் முடியவில்லை. மூணு செவுருதாம்பா, மாடிதான் என்று முனகிவிட்டு, நாடாவைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் போனார். ஆறாயிரம் தப்பியது. அன்றைக்குத்தான் நாங்கள் சாப்பாட்டை ரசித்துச் சாப்பிட்டோம்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. சந்தில் சிலர் நிறுத்திவிட்டோம், சிலர் நிறுத்தவில்லை. இன்னும் விலை ஏறிக்கொண்டேதான் இருக்கிறது, தரகரின் பையில் இன்னும் படங்கள் இருக்கின்றன. ஏகாம்பரத்தின் மாமனார் வீட்டார் ஒரு ரூமாவது வரும் என்று எதிர்பார்த்து ஏமாந்து போனார்கள். தேசிங்கு வண்டியை வாடகைக்கு விட்டுவிட்டு, பெரும்பாலும் அந்த அறையில் சாய்வு நாற்காலியில் இருக்கிறான். டாக்டர் இவ்வளவு நாள் எதிர்பார்க்கவில்லையாம். அடைபட்ட மூன்று பக்கமும் திறக்கவில்லை, தெற்குப் பக்கமும் அடைபடவில்லை.

நான் துணி எடுக்க மாடிக்குப் போகும்போது பார்க்கிறேன். செண்பகம் பதினோராம் வகுப்புப் பாடத்தை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள், சுவர் வெதுவெதுப்பாக இருக்கும். காற்றே இல்லாத நாளிலும் அந்தக் காய்ந்த ஓலை ஒரு தடவை உள்ளே வளையும், ஒரு தடவை வெளியே வளையும், அவள் அப்பன் மூச்சுக்கு ஏற்றபடி சலசலத்துக்கொண்டிருக்கும். அவள் அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை, எழுதிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். எப்போதாவது சத்தம் ஒரு கணம் நின்றுபோகும், அப்போது அவள் பேனாவும் நிற்கும். மறுபடி ஓலை சலசலக்கும்வரை காத்திருந்துவிட்டு, விட்ட வரியிலிருந்து தொடர்வாள்.